கோவைக்கு ஓர் ஐபிஎல் அணி கட்டுப்படியாகுமா?

சேப்பாக்கத்தில் டிக்கெட் கிடைக்காமல் போகிற ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "கோவைக்கு ஒரு டீம் கொடுத்தா என்ன? மதுரைக்கு ஒண்ணு?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அந்த ஊர்ல மேட்ச் பார்க்க அவ்வளவு ஜனம் எங்கய்யா இருக்கு?" என்று இன்னொருவர் மடக்குவார். இருவரும் பிடித்துக்கொண்டு தொங்குவது மக்கள்தொகையை. அது ஒரு காரணிதான். சில லீக்குகளில் மிகச் சின்னக் காரணி. அணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு ஊர்க்காரர் சட்டைப்பையிலிருந்து வந்தாக வேண்டும் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஏரியும் வரத்துக்காலும்

ஓர் ஏரி நிரம்புமா என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் கரையின் நீளத்தை அளக்க மாட்டார். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பார். ஊருக்குள் பெய்யும் மழையை மட்டும் நம்பும் குட்டை சித்திரையில் வெடித்துக் கிடக்கும். பூண்டி ஏரிக்கு அந்தக் கவலை குறைவு. உள்ளூர் மழை போக, ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீரும் 1996 முதல் அதற்கு வருகிறது.

தொழில்முறை விளையாட்டு அணிக்கும் இதுபோல மூன்று வரத்துகள் உண்டு. முதலாவது கேட் வசூல்: டிக்கெட்டும், மைதானத்துக்குள் விற்கும் தீனியும் சட்டையும். இரண்டாவது ஸ்பான்சர்: சட்டையிலும் பலகையிலும் பெயர் போட நிறுவனங்கள் தரும் பணம். மூன்றாவது ஒளிபரப்பு உரிமை: ஆட்டத்தைத் தொலைக்காட்சியிலும் செல்போனிலும் காட்டுவதற்காக லீக் வாங்கும் தொகை. முதல் வரத்து உள்ளூர் மழை. மூன்றாவது தூரத்திலிருந்து வரும் கால்வாய். இரண்டாவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சின்ன ஊருக்கு ஓர் அணி தாங்குமா என்ற கேள்வியைத் திருப்பிக் கேட்டால் இப்படி வரும்: அந்த அணி விளையாடும் லீக்கில் கால்வாய் இருக்கிறதா, வெறும் மழைதானா?

4,000 ரூபாய் டிக்கெட்டைப் பிரித்தால்

முதலில் மழையை அளப்போம். 2025 ஐபிஎல்லில் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், உச்சம் 7,500. நடுவில் 4,000 ரூபாய் டிக்கெட் ஒன்று இருந்தது. அதன் அடிப்படை விலை 2,343.75 ரூபாய்தான். கேளிக்கை வரி 781.25, ஜிஎஸ்டி 875. ரசிகர் கொடுத்ததில் நூற்றுக்கு 41 ரூபாய்க்கு மேல் வரி. அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு அது 40 சதவீதம் ஆகிவிட்டது. "ஹவுஸ்ஃபுல்லா இருந்துச்சு, நல்லா அள்ளியிருப்பாங்க" என்று சொல்பவர்கள் இந்தக் கழித்தலைப் போடுவதே இல்லை.

இப்போது கோவையில் 30,000 இருக்கை உள்ள ஒரு மைதானத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 85 சதவீதம் விற்கிறது, வரி போக ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக 1,500 ரூபாய் கையில் நிற்கிறது என்று கொஞ்சம் தாராளமாகவே வைப்போம். 25,500 பேர், ஓர் ஆட்டத்துக்கு 3.8 கோடி. ஐபிஎல்லில் ஓர் அணிக்குச் சொந்த ஊர் ஆட்டம் 7. ஆக சீசனுக்குச் சுமார் 27 கோடி. சங்கத்துக்கும் ஸ்பான்சர்களுக்கும் ஒதுக்கும் இலவச இருக்கைகள், மைதான வாடகை, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் இதில் இன்னும் கழியும்.

வீரர்களை எடுக்க 2025 ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் இருந்த உச்சவரம்பு 120 கோடி. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் வீரர் சம்பளத்தில் கால் பங்கைக்கூடத் தொட முடியாது. இந்தக் கணக்கு கோவைக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சுமார் 38,000 பேர் அமரும் சேப்பாக்கத்திலும் தொகை கொஞ்சம் கூடுமே தவிர கதை மாறாது.

கால்வாய்: சென்ட்ரல் பூல்

கூட்டுக் குடும்பத்தில் நாலு பிள்ளைகள் சம்பாதிப்பதையும் அம்மா ஒரே டப்பாவில் போட்டு, எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பாரே, அந்த ஏற்பாட்டுக்குத்தான் சென்ட்ரல் பூல் என்று பெயர். ஒளிபரப்பு உரிமையை ஒவ்வோர் அணியும் தனித்தனியாக விற்பதில்லை. லீக் மொத்தமாக விற்று, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அணிகளுக்குப் பிரிக்கிறது.

2023 முதல் 2027 வரையிலான 5 சீசன்களுக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆண்டுக்கு 9,678 கோடி. இதில் ஏறத்தாழப் பாதி அணிகளுக்கு. 10 அணிகள். கழிவுகள் போனாலும் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 400 கோடிக்கு மேல் நிற்கும். அந்த அணி மும்பையில் இருந்தாலும் சரி, ஜெய்ப்பூரில் இருந்தாலும் சரி.

27 கோடியையும் 400 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரின் ஜனத்தொகை நிர்ணயிப்பது அந்த 27-ஐ மட்டும்தான். மைதானம் பாதி காலியாகக் கிடந்தாலும் அணி மூழ்காது. டிவியில் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். (அந்த அசிங்கத்துக்கும் விலை உண்டு. காலி நாற்காலி முன்னால் ஆடும் ஆட்டத்தை எந்த ஒளிபரப்பாளரும் விரும்ப மாட்டார்.)

இதுவரை பார்த்தது: மூன்று வரத்துகளில் கேட் வசூல் ஒன்றுதான் நேரடியாக ஊரின் அளவைச் சார்ந்தது. ஐபிஎல்லில் அது சிறிய வரத்து. பெரிய வரத்து சமமாகப் பிரியும் கால்வாய்.

ஒரு லட்சம் பேர் ஊரில் 81,000 இருக்கை

இதற்கு உலகத்தின் ஆகச் சிறந்த சாட்சி அமெரிக்காவின் கிரீன் பே. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை சுமார் 1,07,000. நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகா தலைநகர். அங்கேதான் 1919-இல் தொடங்கிய பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி இருக்கிறது; மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். அணிக்கு முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள், லாபப் பங்கு ஒரு பைசா வராது என்று தெரிந்தே பங்கு வாங்கியவர்கள்.

பொதுமக்களின் அணி என்பதால் அதன் கணக்கு ஆண்டுதோறும் வெளியே வருகிறது. 2023 சீசன் கணக்கில் மொத்த வருமானம் 65.46 கோடி டாலர். அதில் 40.23 கோடி டாலர் லீக்கின் பொதுப் பங்கு. அந்த சீசனில் வீரர் சம்பள உச்சவரம்பு 22.48 கோடி டாலர். அதாவது உள்ளூரில் ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டாலும் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து மிச்சமும் இருக்கும். அந்த லீக் 1961-இலிருந்து தேசிய டிவி பணத்தைச் சமமாகப் பிரித்துவருகிறது. சம்பள உச்சவரம்பு என்பது எந்த அணியும் ஒரு சீசனில் வீரர்களுக்கு இதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று லீக் போடும் கோடு. சமப் பங்கும் இந்தக் கோடும் சேர்ந்தால்தான் சின்ன ஊர் பிழைக்கும். பங்கு மட்டும் சமமாக இருந்து கோடு இல்லாவிட்டால், பணக்கார அணி நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஆட்ட நாட்கள். அங்கே சீசனில் சொந்த ஊர் ஆட்டம் 8 அல்லது 9. இருக்கைகளை ஆட்ட நாட்களால் பெருக்கினால் ஊர் எத்தனை தடவை வந்து உட்கார வேண்டும் என்று தெரியும்; இதை இருக்கை-நாள் என்று வைத்துக்கொள்வோம். கோவையின் கற்பனை மைதானத்துக்கு 30,000 பெருக்கல் 7, மொத்தம் 2.1 லட்சம் இருக்கை-நாள். 2011 கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 21 லட்சத்துக்கு மேல். பத்தில் ஒருவர் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை வந்தால் கணக்கு முடிந்தது. அதோடு 50 கிலோமீட்டரில் திருப்பூர், மறுபக்கம் பாலக்காடு, 40 கிலோமீட்டரில் பொள்ளாச்சி, 100-இல் ஈரோடு. நீர்ப்பிடிப்புப் பகுதி மாநகராட்சி எல்லைப் பலகையோடு நிற்பதில்லை.

அதே ஊருக்கு அமெரிக்கப் பேஸ்பால் போல 81 சொந்த ஊர் ஆட்டம் என்றால்? 24 லட்சத்துக்கு மேல் இருக்கை-நாள். கோவை தாங்காது. "சின்ன ஊர்" என்ற சொல்லுக்குத் தனியாக அர்த்தமில்லை. எந்த விளையாட்டு, எத்தனை நாள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம்.

கால்வாய் இல்லாத லீக்

மறுபக்கத்தையும் கோவையிலேயே பார்த்துவிடலாம். சென்னை சிட்டி எஃப்சி என்ற கால்பந்து அணி, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோவை நேரு ஸ்டேடியத்தில் விளையாடி, தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் 2018-19 கோப்பையையே வென்றது. இந்தியாவின் மிகப் பழைய கிளப்புகளையெல்லாம் தாண்டி வந்த வெற்றி. இரண்டு சீசன் கழித்து அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லை. ஐ-லீக்கில் பிரித்துக்கொடுக்கப் பெரிய ஒளிபரப்புப் பணம் கிடையாது. முதலாளியின் பையும் உள்ளூர் மழையும்தான். கோப்பை வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இன்னொரு கால்பந்து லீக்கான இந்தியன் சூப்பர் லீக் இதைவிடப் பெரிய உதாரணம். 2025 ஜூலையில், கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தின. பெருநகரம் சின்ன நகரம் என்று அது பார்க்கவில்லை. மேலே மதகு அடைபட்டால் கீழே எல்லா ஏரியும் வறண்டுதான் போகும்.

கால்வாய் மெலிந்த லீக்கில் சின்ன ஊர் அணி பிழைக்க ஒரே வழி, ஊரோடு கட்டுண்ட ஒரு பெரிய கை. ஜாம்ஷெட்பூருக்கு டாடா ஸ்டீல். 2017-இல் வந்த அந்த அணி 2021-22-இல் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்துக் கேடயம் வாங்கியது. ஸ்பெயினின் வில்லாரியல் ஊரில் மக்கள் சுமார் 50,000. மைதானத்தில் இருக்கை சுமார் 23,000. ஊரைச் சுற்றி ஓடு, டைல் தொழிற்சாலைகள், அணியின் முதலாளியும் டைல் தொழிலதிபர். 2021-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்டியில் வீழ்த்தி ஐரோப்பா லீக்கை வென்றார்கள்.

கோவைக்கு அப்படி ஒரு கை உண்டா? தொழில் இருக்கிறது, ஆனால் அந்தத் தொழிலின் தன்மை வேறு. பம்ப், வார்ப்படம், நூற்பு இயந்திரம், கம்ப்ரசர் எல்லாம் தொழிற்சாலையும் விவசாயியும் விலை கேட்டு வாங்கும் பொருட்கள். சட்டையில் பெயர் போட்டால் மறுநாள் கடையில் விற்பனை ஏறுவது சோப்புக்கும் செல்போனுக்கும் செயலிக்கும். அதனால்தானோ என்னவோ, தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற மாநில கிரிக்கெட் லீக்கில் (டிஎன்பிஎல்) கோவை அணியே லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லைக்கா நிறுவனத்தின் வசம் போனது. ஸ்பான்சர் வரத்தில் கோவையின் பலவீனம் இது. ஆள் பலத்தில் அல்ல.

கல்யாண மண்டபமும் மைதானமும்

இனி கண்ணுக்குத் தெரியும் செலவு. முகூர்த்த நாள் மட்டும் நடக்கும் கல்யாண மண்டபம் போன்றது மைதானம். 7 நாள் ஆட்டம், 358 நாள் பூட்டு. புல்லுக்குத் தண்ணீர், விளக்குக்கு மின்சாரம், கூரைக்குப் பராமரிப்பு என்று செலவு மட்டும் 365 நாளும் ஓடும்.

டிஎன்பிஎல் இதை முதலிலேயே புரிந்துகொண்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டாண்டுத் தடையில் இருந்த 2016-இல் 8 அணிகளோடு தொடங்கியபோது புது மைதானம் எதுவும் கட்டவில்லை. நத்தத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானம், நெல்லை சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையின் மைதானம், பிறகு கோவையில் ஒரு கலைக் கல்லூரி மைதானம். மற்ற நாளெல்லாம் கல்லூரிப் பையன்கள் ஆடுவார்கள். பராமரிப்பு வேறொருவர் கணக்கு. மதுரைப் பெயரில் அணி இருந்தும் அதன் ஆட்டத்தைப் பார்க்க மதுரைக்காரர் நத்தம் ரோட்டில் போக வேண்டியிருந்தது என்பது இந்தச் சிக்கனத்தின் விலை. 2025 அக்டோபரில் தோனி திறந்துவைத்த மதுரை மைதானத்திலும் தொடக்கக் கட்டத்தில் 10,000 இருக்கைகூடக் கிடையாது. டிஎன்பிஎல்லுக்குப் போதும், ஐபிஎல்லுக்குப் போதாது.

30,000 பேர் மைதானத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஆடுகளமும் ஓரமும் சேர்த்து 80 மீட்டர் ஆரம் என்றால் அதுவே 5 ஏக்கர். சுற்றிலும் கேலரி, நுழைவாயில், ஒளிபரப்பு வண்டிகள் என்று சேர்ந்தால் குறைந்தது 12. பிறகு வண்டி நிறுத்தம். பாதிப் பேர் டூவீலரில் இரண்டிரண்டாக வந்தால் 7,500 வண்டி. வண்டிக்கு 2 சதுர மீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட 4 ஏக்கர், நடுவே வழி விட்டால் 7. கோவை ஒண்டிப்புதூரில் மைதானத்துக்கென்று பேசப்படும் இடம் சுமார் 20 ஏக்கர். உட்காரும், ஆனால் பிதுங்கிக்கொண்டு உட்காரும்.

சொதப்பல் பெரும்பாலும் நடப்பது ஆட்டம் முடிந்த பிறகுதான். 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய இரவு 11.30 ஆகும். மீதிப் பாதி 15,000 பேர் பஸ்ஸில் திரும்ப, பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 250 நடை வேண்டும், அதுவும் டவுன் பஸ் டிப்போவுக்குப் போய்விட்ட நேரத்தில். சென்னையில் ஆட்டம் முடிந்தால் அரசினர் தோட்டம் மெட்ரோ நடக்கும் தூரம், சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில். கோவையில் இரண்டும் இல்லை. ஒரு முறை நள்ளிரவு ஒரு மணிவரை திருச்சி ரோட்டில் சிக்கிக்கொண்ட குடும்பம் அடுத்த முறை டிவியில் பார்த்துக்கொள்ளும்.

சுருக்கமாக: டிவி பணம் அணியைக் காப்பாற்றும். மைதானத்தையும் ராத்திரி பஸ்ஸையும் ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் தமிழ்நாட்டுக்கு ஏன் இரண்டாவது அணி இல்லை?

2021 அக்டோபரில் இரண்டு புது அணிகளுக்கு ஏலம் நடந்தபோது பட்டியலில் இருந்த ஊர்கள்: அகமதாபாத், லக்னோ, கட்டாக், குவாஹாட்டி, இந்தூர், தரம்சாலா. கடைசிப் பெயரைக் கவனியுங்கள். ஒரு லட்சம் பேர்கூட இல்லாத மலையூர். ஊர் சின்னது என்பது கிரிக்கெட் வாரியத்துக்கே தடையாகத் தெரியவில்லை. கோவை, மதுரை பட்டியலிலேயே இல்லை.

இதற்கு என் கணிப்பில் காரணம் எளிது. ஒளிபரப்பாளருக்கு வேண்டியது புதுக் கண்கள். கோவைக்காரரும் மதுரைக்காரரும் ஏற்கெனவே மஞ்சள் சட்டை போட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இன்னோர் அணி வைத்தால் அதே வீட்டில் அதே டிவியில் சேனல்கூட மாறாது. உத்தரப் பிரதேசத்தில் அதுவரை ஓர் அணிகூட இல்லை. அதே ஏலத்தில் லக்னோ 7,090 கோடிக்கும் அகமதாபாத் 5,625 கோடிக்கும் போயின. 7,090 கோடியைப் 10 ஆண்டில் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 709 கோடி. சென்ட்ரல் பூலில் வருவது போக மிச்சத்தை முதலாளி கைக்காசிலிருந்தும் ஸ்பான்சரிலிருந்தும் போட்டுக்கொண்டு, நாளைக்கு அணியின் மதிப்பு ஏறும் என்று காத்திருக்க வேண்டும். அது ஊரின் பலம் அல்ல, முதலாளியின் மூச்சுப் பிடிப்பு.

மூச்சுப் பிடிக்க முடியாதவர்களின் கதை கொச்சி. 33.33 கோடி டாலருக்கு வாங்கிய அணி, 2011-இல் ஒரே சீசன் ஆடியது. கூட்டம் வராமல் அது சாகவில்லை. பேங்க் கேரண்டி, அதாவது நாங்கள் கட்டத் தவறினால் வங்கி கட்டும் என்ற எழுத்து உறுதி, அதைக் கொடுக்கவில்லை என்று வாரியம் அந்தச் செப்டம்பரிலேயே ஒப்பந்தத்தை முறித்தது. வழக்கு இன்னொரு கதை: 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம், முன்னாள் முதலாளிகளுக்கு வாரியம் 538 கோடிக்கு மேல் தர வேண்டும் என்ற தீர்ப்பாயத் தீர்ப்பை உறுதி செய்தது. கொச்சியோடு கூடவே வந்த புனே வாரியர்ஸும் 2013-இல் பணத் தகராறில்தான் போனது. புனே சின்ன ஊர் இல்லை.

இரண்டாவது வீடு

கோவைக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகும் வழி வேறொன்று. பஞ்சாப் அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களில் சிலவற்றைத் தரம்சாலாவிலும், ராஜஸ்தான் குவாஹாட்டியிலும், டெல்லி விசாகப்பட்டினத்திலும் ஆடியிருக்கின்றன. முழு அணி வேண்டாம். இருக்கும் அணி ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் வந்துபோனால் போதும். ஏலத் தொகை இல்லை, சம்பளம் இல்லை. 60,000 இருக்கை-நாள் மட்டும் விற்றால் போதும். மைதானமும் 250 நடை பஸ்ஸும் வேண்டும்.

இது புது யோசனையும் அல்ல. மேலே பார்த்த கிரீன் பே, 1994 வரை தன் சொந்த ஊர் ஆட்டங்களில் சிலவற்றைச் சுமார் 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்வாக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. ரசிகர் பயணம் போவாரா என்ற சந்தேகத்துக்கு நம்மிடமே பதில் இருக்கிறது. 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, மஞ்சள் சட்டைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சென்னை சென்ட்ரலிலிருந்து ஒரு தனி ரயிலே கிளம்பியது. சென்னையிலிருந்து கோவை அதில் பாதித் தூரம்தான்.